‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1940): படம் பார்க்கும் முன்பும் பார்த்த பிறகும் வரும் கேள்விகள்

இந்தப் படத்தைப் பாருங்கள் என்று நான் நச்சரிக்கும் ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: முதல் மூன்று கேள்விகளைத் தாண்டினால் கதை வெளியே வந்துவிடும், முடிவு உட்பட.

இது என்ன படம்? ரெண்டு வரில சொல்லுங்க.

1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வாரக் குத்தகைக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, நிலம் உழுது பிழைத்த ஜோட் என்ற குடும்பம், நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டு, ஓட்டை லாரி ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் பஞ்சம் பிழைக்கப் போகிறது. போன இடத்தில் என்ன ஆகிறது என்பதுதான் கதை.

ஜான் ஸ்டெய்ன்பெக் எழுதிய நாவல் 1939 ஏப்ரலில் வெளியானது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1940 ஜனவரியில் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது. இயக்கம் ஜான் ஃபோர்ட், திரைக்கதை நன்னலி ஜான்சன், தயாரிப்பு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் டாரில் சானுக். மூத்தவர்களில் ஒருவனான டாம் ஜோடாக ஹென்றி ஃபோண்டா, அம்மாவாக ஜேன் டார்வெல். இந்தப் பாத்திரத்துக்காக ஃபோண்டா அந்த ஸ்டூடியோவோடு ஏழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

கறுப்பு வெள்ளை, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுது. தூக்கம் வந்துடாதா?

129 நிமிடம். முதல் பத்து நிமிடம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மியூலி என்ற பக்கத்து நிலத்துக்காரன் இருட்டு வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தோன்றியபிறகு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு யோசனை: படத்தில் யாராவது காசைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ரொட்டி எவ்வளவு, ஒரு பெட்டி பழம் பறித்தால் எவ்வளவு, நாள் கூலி எவ்வளவு. இது அழுகைப் படம் என்று பேர் வாங்கிய படம், ஆனால் முழுக்கக் காசுக் கணக்கில்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் ஒரு காட்சிகூட இழுவையாகத் தெரியாது.

அந்தக் காலத்துல அமெரிக்காவுல அப்படி என்னதான் ஆச்சு?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து வங்கிகள் மூடின, ஆலைகள் மூடின. 1933 வாக்கில் உழைக்கும் வயதினரில் சுமார் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. விவசாயிக்கு இந்த அடி அதற்கும் முன்பே விழ ஆரம்பித்திருந்தது, ஏனென்றால் முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்தே பருத்திக்கும் கோதுமைக்கும் விலை இறங்கிக்கொண்டே இருந்தது. அது போதாதென்று 1930களில் வறட்சியும் சேர்ந்துகொண்டது.

பிளெயின்ஸ் எனப்படும் நடுச் சமவெளி மாநிலங்களை விட்டு 1940க்குள் சுமார் 25 லட்சம் பேர் வெளியேறினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எல்லோரும் கலிஃபோர்னியாவுக்குப் போகவில்லை, பெரும்பாலோர் பக்கத்து ஊர், பக்கத்து மாநிலம் என்றே ஒதுங்கினார்கள். ஆனாலும் ஓக்லஹோமா, டெக்சஸ், அர்கான்சா, மிசௌரி ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து மட்டும் அந்தப் பத்தாண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

புழுதிப் புயலால ஊரை விட்டுப் போனாங்கன்னு படிச்சேன். படத்துல புழுதியையே சரியா காணோமே?

நல்ல கேள்வி, பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. பெரிய புழுதிப் புயல்கள் அடித்தது ஓக்லஹோமாவின் மேற்குக் கோடி, டெக்சஸின் வடக்கு, கன்சாஸ், கொலராடோவின் ஓரங்கள் என்று ஒரு தனி வட்டாரத்தில். 1935 ஏப்ரல் 14 அன்று அங்கே அடித்த புயலில் பகலே இருண்டுபோனது. அந்த நாளுக்குக் கறுப்பு ஞாயிறு என்றே பெயர். ஜோட் குடும்பத்தின் ஊர் சாலிசா. அது மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, புழுதி வட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி.

அப்படியானால் இவர்களைத் துரத்தியது எது? டிராக்டர். ஒரு டிராக்டர் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் உழவைத் தனியாக உழுதுவிடும், பிறகு வாரக் குத்தகைக்காரன் எதற்கு? இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 1933இல் வந்த வேளாண் சீரமைப்புச் சட்டம் பருத்தி விலையைத் தூக்குவதற்காக, சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் பணம் என்றது. பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. அவர்களில் பலர் குத்தகைக்காரர்களை வெளியேற்றிவிட்டு அந்தப் பணத்திலேயே டிராக்டர் வாங்கினார்கள். நல்ல நோக்கத்தில் போட்ட திட்டம்தான், யார் வயிற்றில் அடித்தது என்று பாருங்கள்.

குத்தகை லாபம் தரலைன்னா காலி பண்ணச் சொல்றது அவங்க உரிமைதானே? இதுல வில்லன் யாரு?

மியூலியும் இதைத்தான் கேட்கிறான், கையில் துப்பாக்கியோடு. காலி பண்ணச் சொல்ல ஒரு ஆள் காரில் வருகிறான், காரை விட்டு இறங்கக்கூட மாட்டான். நான் வெறும் ஏஜெண்ட், எல்லாம் கம்பெனி முடிவு என்கிறான். கம்பெனி யார்? அது ஆளே இல்லையப்பா, கம்பெனி. அதற்குத் தலைவர் இருப்பாரே? அவர் மேல் தப்பில்லை, வங்கி சொல்வதைத்தான் அவர் செய்கிறார். வங்கி எங்கே? துல்சாவில். ஆனால் அங்கே இருக்கும் மேனேஜரும் கிழக்கேயிருந்து வரும் உத்தரவுகளுக்கு ஆடி ஆடியே பாதி பைத்தியமாகிவிட்டவர். அப்போ நாங்கள் யாரைத்தான் சுடுவது என்கிறார்கள். பதில் இல்லை.

அடுத்து மியூலியின் வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. ஓட்டி வருபவன் கண்ணாடியைக் கழற்றினால் பக்கத்து வீட்டுப் பையன். நாளுக்கு 3 டாலர் தருகிறார்கள், எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், என்னைச் சுட்டால் நாளைக்கு வேறொருவன் வந்து இடிப்பான் என்கிறான். வீடு சரிகிறது. டிராக்டரின் பற்சக்கரத் தடம் பதிந்த மண்ணின் மேல் அந்தக் குடும்பத்தின் நிழல்கள் விழுந்துகிடப்பதை ஃபோர்ட் காட்டுகிறார், முகங்களைக் காட்டுவதைவிட அது கொடுமையாக இருக்கிறது. சட்டப்படி சரியா என்றால் சரிதான். யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் போவதுதான் இங்கே பிரச்சினை.

சொந்தமா லாரி வெச்சிருக்காங்க. இவங்க எப்படி ஏழை?

இந்தக் கேள்வியை நம் ஊர்க்காரர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், நியாயமும் கூட. அந்த லாரி ஒரு பழைய ஹட்சன் கார். பின்பக்கத்தை அறுத்துப் பலகை அடித்து லாரியாக்கியது. கார் அங்கே அப்போதே பெருவாரியாக உற்பத்தியானதால் பழைய வண்டிகள் மலிவு, ரயில் டிக்கெட் இத்தனை பேருக்கு எடுப்பதைவிட ஒரு ஓட்டை வண்டி சல்லிசு. வேலை தேடித் தோட்டம் தோட்டமாக அலைய அது இல்லாமல் முடியாது, தூங்குவதும் அதில்தான். நாவலில், ஏர், வண்டிக் குதிரை, வீட்டுச் சாமான் என்று விற்கக்கூடிய எல்லாவற்றையும் விற்று அப்பா கொண்டுவரும் தொகை 18 டாலர்.

வாகனம் வைத்திருப்பதும் வயிறு நிறைவதும் வேறு வேறு கணக்கு. அரிசோனா, கலிஃபோர்னியா எல்லையில் பெட்ரோல் போடும் இரண்டு பையன்கள், வெள்ளைச் சீருடையில், இந்த வண்டி போனபின் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். இந்த ஓக்கிகளுக்கு மூளையும் கிடையாது உணர்ச்சியும் கிடையாது, மனுஷன் இப்படி வாழ்வானா என்கிறார்கள். ஓக்கி என்பது ஓக்லஹோமாக்காரர்களை அங்கே இழித்துக் கூப்பிட்ட பேர்.

குடும்பத்துல யாரு யாருன்னே புரியலை. எத்தனை பேரு?

நாவலின்படி பன்னிரண்டு பேர்: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அப்பாவின் அண்ணன் ஜான், பிள்ளைகள் நோவா, டாம், அல், கர்ப்பிணியான ரோசாஷார்ன், அவள் கணவன் கானி, சின்னவர்கள் ரூத்தியும் வின்ஃபீல்டும். கூட வருபவர் கேசி, பாதிரியாராக இருந்து நம்பிக்கை போய்ப் பிரசங்கத்தை விட்டுவிட்டவர், ஜான் காரடைன் நடித்தது.

நோவா பாதிப் படத்தில் எங்கே போனான் என்று தேடாதீர்கள். நாவலில் கொலராடோ ஆற்றங்கரையோடு விலகிப் போய்விடுகிறான்; படத்தில் அதைக் காட்டாமலே விட்டுவிட்டார்கள், ஆள் சும்மா காணாமல் போகிறான். இது படத்தின் குறைதான்.

ஒரு நோட்டீஸை நம்பி ரெண்டாயிரம் மைல் போவாங்களா? இவ்வளவு ஏமாளிங்களா?

பழம் பறிக்க 800 ஆள் தேவை என்று ஒரு துண்டுச்சீட்டு. அப்பா அதை மடித்து மடித்து வைத்துக்கொண்டு வழியெல்லாம் எடுத்துக் காட்டுவார். வழியில் இரவுத் தங்கலில் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விளக்குகிறான். அவன் கலிஃபோர்னியா போய்த் திரும்பி வருபவன். முதலாளிக்கு 800 பேர்தான் வேண்டும். 5,000 சீட்டு அடிப்பான். 20,000 பேர் கண்ணில் படும். இரண்டாயிரம் மூவாயிரம் பேராவது கிளம்பிவிடுவார்கள். ஒரு வேலைக்கு மூன்று பேர் போட்டி போட்டால் கூலி எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். சீட்டில் இருப்பது பொய் இல்லை, 800 பேருக்கு வேலை உண்டு. அதனால் ஏமாளிகள் என்று சொல்ல மாட்டேன். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கையில் இல்லாதவன் அச்சடித்த காகிதத்தை நம்பாமல் எதை நம்புவான்?

அந்த ஆளின் மனைவியும் பிள்ளைகளும் பட்டினியில் போய்விட்டார்கள், சாவுச் சான்றிதழில் இதயம் நின்றதால் என்று எழுதினார்கள் என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அவனை முழுதாக நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் கலைகிறது.

மிட்டாய் சீன் பத்தி எல்லாரும் பேசறாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?

நெடுஞ்சாலை ஓரக் கடை. அப்பா உள்ளே வந்து 10 சென்ட்டுக்கு ஒரு ரொட்டி கேட்கிறார், பாட்டிக்குப் பல் இல்லை, தண்ணீரில் நனைத்துக் கொடுக்க. இது மளிகைக் கடை இல்லை, சாண்ட்விச் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடுகடுக்கிறாள் பரிமாறுபவள். ரொட்டி 15 சென்ட். உள்ளேயிருந்து சமையல்காரர், கொடுத்துத் தொலை என்கிறார். பிறகு காசை எண்ணும்போது, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மிட்டாயையே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது அப்பா கண்ணில் படுகிறது. ஒரு சென்ட்டுக்கு ஒன்றா என்று கேட்கிறார். அவள் ஒரு நொடி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, சென்ட்டுக்கு இரண்டு என்கிறாள். அவர்கள் போனதும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் சொல்கிறார்: அது ஒன்று 5 சென்ட் மிட்டாயாச்சே. டிரைவர்கள் மீதிச் சில்லறையை வாங்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.

இதில் என்ன இருக்கிறதா? யாரும் யாருக்கும் தர்மம் செய்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அப்பா கடைசிவரை காசு கொடுத்து வாங்கியவராகவே வெளியே போகிறார். இரண்டாவது கேள்வியில் காசைக் கவனியுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

பாட்டி இறந்ததை அம்மா ஏன் மறைக்கணும்?

கலிஃபோர்னியா எல்லைக்குள் பயிர் நோய்ச் சோதனைச் சாவடி. சாமான்களை எல்லாம் இறக்கச் சொல்கிறார்கள். இறக்கினால் பிணம் தெரியும், விசாரணை, சவ அடக்கச் செலவு, ஒரு நாளோ இரண்டு நாளோ போய்விடும். பாலைவனத்தைக் கடக்க இருப்பது அந்த இரவுதான். அதனால் கிழவிக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, டாக்டரிடம் போயாக வேண்டும் என்று அம்மா கெஞ்சி வண்டியை நகர்த்திவிடுகிறார். விடியும்வரை பிணத்தோடு பக்கத்தில் படுத்திருந்ததை, பள்ளத்தாக்கின் பச்சையை எல்லோரும் பார்த்துக் குதிக்கும்போதுதான் சொல்கிறார்.

இந்தச் சாவடிப் பயம் கற்பனை இல்லை. 1936இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ், தன் நகர எல்லைக்கு எத்தனையோ மைல் தள்ளியிருந்த மாநில எல்லைகளிலேயே ஆளை நிறுத்தி, கையில் காசில்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பியது. இதற்கு முன் தாத்தா வழியில் இறந்ததும் அவரைச் சாலையோரத்தில் புதைத்துவிட்டு, இவரை யாரும் கொல்லவில்லை, சவ அடக்கத்துக்குக் காசில்லாததால் நாங்களே புதைத்தோம் என்று எழுதி டாம் கூடவே வைக்கிறானே, அதையும் சேர்த்துப் பாருங்கள். சாவதற்குக்கூடச் செலவாகிறது.

பீச் தோட்டத்துல ஏன் இவ்வளவு போலீஸ்? திடீர்னு கேசி அங்க எப்படி? ஒண்ணும் புரியலை.

முதல் தடவை எனக்குத் தெரிந்த யாருக்கும் புரிவதில்லை, ஏனென்றால் டாமுக்கே புரியாத மாதிரிதான் படம் அதைக் காட்டுகிறது. ஜோட் குடும்பத்துக்குத் திடீரென பீச் பழம் பறிக்கும் வேலை கிடைக்கிறது, பெட்டிக்கு 5 சென்ட். வாசலில் கத்தும் கூட்டம், உள்ளே துப்பாக்கியோடு காவல். இரவில் டாம் நழுவிப் போய்ப் பார்த்தால் வெளியே கூடாரத்தில் கேசி. இதற்கு முந்தைய முகாமில் டாமைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு போலீஸோடு போனவர் அவர்.

கேசி சொல்லும் கணக்கு இது. எங்களையும் 5 சென்ட் என்றுதான் கூப்பிட்டார்கள், வந்து பார்த்தால் கூட்டம், உடனே இரண்டரை சென்ட் என்றார்கள், அதனால் வேலையை நிறுத்திவிட்டோம். உங்களுக்கு 5 சென்ட் கொடுப்பது எங்கள் வேலை நிறுத்தத்தை உடைக்க. நாங்கள் போனதும் உங்களுக்கும் இரண்டரைதான். அதாவது ஜோட் குடும்பம் தனக்கே தெரியாமல் கருங்காலி வேலை பார்க்கிறது. தெரிந்த பிறகும் டாம் என்ன சொல்கிறான்? இன்றைக்கு இரவு எங்கள் வீட்டில் கறி சாப்பிட்டோம், அடுத்தவனுக்காக அப்பா அதை விட்டுவிடுவாரா என்கிறான். அந்தக் கறியும் எப்படிப்பட்டது? அன்று குடும்பமே சேர்ந்து சம்பாதித்த ஒரு டாலரும் தோட்டத்துக்காரனின் கடையிலேயே அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது, அந்தக் கடையில் விலை கூடுதல். இன்னும் இருக்கிறதா என்ற கேள்விக்கு அம்மாவால் இல்லை என்றுதான் சொல்ல முடிகிறது. கூலியாகக் கொடுத்த காசு சாயங்காலமே திரும்ப முதலாளி கல்லாவுக்குப் போகிறது. அந்த இரவே காவலர்கள் கேசியை அடித்துக் கொல்கிறார்கள், டாம் ஒருவனை அடித்துக் கொன்றுவிடுகிறான். துண்டுச்சீட்டுக் கேள்வியில் பார்த்த கணக்கின் மறுபாதி இது.

எல்லா இடத்துலயும் அடி உதை, அரசாங்க முகாம் மட்டும் சொர்க்கம். அப்படி ஒண்ணு நிஜமா இருந்துச்சா?

இருந்தது. கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்தில் ஆர்வின் என்ற ஊரருகே 1936இல் மத்திய அரசு கட்டிய முகாம். குழாய்த் தண்ணீர், குளியலறை, தாங்களே தேர்ந்தெடுக்கும் குழு, வாரண்ட் இல்லாமல் உள்ளே வர முடியாத போலீஸ். அதன் நிர்வாகி டாம் காலின்ஸ் தன் முகாம் பற்றி எழுதிவைத்த விரிவான அறிக்கைகளை ஸ்டெய்ன்பெக்குக்குக் கொடுத்து உதவினார். நாவலின் சமர்ப்பணத்தில் அவர் பெயர் இருக்கிறது, படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராகவும் இருந்தார். வாரத்துக்கு ஒரு டாலர் வாடகை, காசில்லை என்றால் வேலை செய்து கழித்துக்கொள்ளலாம்.

ரூத்தியும் வின்ஃபீல்டும் வாழ்க்கையில் முதல் தடவை ஃப்ளஷ் கழிப்பறையைப் பார்த்து, தண்ணீர் பாய்ந்த சத்தத்தில் உடைத்துவிட்டோம் என்று ஓடுவார்கள். சிரிக்க வைக்கிற காட்சி, பின்னாலேயே கொஞ்சம் உறுத்தும். ஆனால் இந்த மாதிரி முகாம்கள் மிகக் கொஞ்சம். பெரும்பாலோர் கிடந்தது ஹூவர்வில் என்று முன்னாள் ஜனாதிபதி ஹூவர் பெயரால் கேலியாக அழைக்கப்பட்ட தகர, அட்டைக் குடிசைகளில்தான். அம்மாவின் குழம்புச் சட்டியைச் சுற்றிப் பட்டினிப் பிள்ளைகள் நிற்கும் காட்சி அப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கிறது.

நாவல்ல முடிவு வேறயாமே?

ரொம்பவே வேறு. நாவலில் அரசாங்க முகாம் முதலில் வரும், பீச் தோட்டம் பிறகு. அதாவது நல்லதைக் காட்டிவிட்டுக் கீழே கீழே தள்ளுகிறது. படம் இரண்டையும் மாற்றிப் போட்டு மேலே ஏறுகிற மாதிரி செய்துவிட்டது. நாவலின் கடைசியில் வெள்ளம், ரோசாஷார்னுக்குக் குழந்தை செத்துப் பிறக்கிறது, ஒரு களஞ்சியத்தில் பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஆளுக்கு அவள் தன் தாய்ப்பாலைக் கொடுக்கிறாள். 1940இல் ஹாலிவுட் தணிக்கை விதிகளின் கீழ் அதைப் படமாக்குவது நினைத்தே பார்க்க முடியாதது.

படத்தின் கடைசிக் காட்சியில் லாரியில் போய்க்கொண்டே அம்மா, பணக்காரர்கள் வந்து போவார்கள், நாம் ஜனங்கள், நம்மை அழிக்க முடியாது என்கிற மாதிரி பேசுகிறார். ஃபோர்ட் டாம் விடைபெற்றுப் போவதோடு முடிக்க நினைத்தார், சானுக்தான் இதைச் சேர்த்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. என் அபிப்பிராயம் கேட்டால் டாமோடு முடித்திருக்க வேண்டும். அந்த லாரி எங்கே போகிறது என்று கவனித்தீர்களா? ஃபிரெஸ்னோவுக்கு, 20 நாள் பருத்தி வேலைக்கு. அம்மாவின் பேச்சு எவ்வளவு தெம்பாக இருந்தாலும் கையில் இருப்பது 20 நாள்.

அம்மா பாத்திரம் நம்ம சினிமா அம்மா மாதிரியே தியாகச் செம்மலா இருக்கே?

கொஞ்சம் அப்படித்தான். ஜேன் டார்வெல் பட்டினி கிடக்கும் ஆளாகவே தெரியவில்லை, நல்ல பூசின உடம்பு என்ற குறை அப்போதிலிருந்தே உண்டு. சில இடங்களில் பிரசங்கம் நீளுகிறது என்பதும் உண்மை.

ஆனால் புறப்படும் முன் தனியாக உட்கார்ந்து பழைய பெட்டியைக் கிளறும் காட்சி ஒன்று போதும். நியூயார்க்கிலிருந்து யாரோ போட்ட தபால் அட்டை, டாமுக்குத் தண்டனை கிடைத்த செய்தித்தாள் நறுக்கு, 1904 செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் வாங்கிய பீங்கான் நாய்க்குட்டி. எதைக் கொண்டுபோவது, எதை அடுப்பில் போடுவது? ஒரு ஜோடித் தோடு கிடைக்கிறது. காதருகே வைத்து, மங்கிய கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை இல்லை, அக்கார்டியனில் ரெட் ரிவர் வேலி மெட்டு மட்டும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் யாருடைய அம்மாவும் இல்லை.

படம் ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு? பிரிண்ட் கெட்டுப்போச்சா?

இல்லை, வேண்டுமென்றே அப்படி. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், அடுத்த வருடம் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தையும் எடுத்தவர். மெழுகுவர்த்தி, டார்ச், கார் முகப்பு விளக்கு என்று கதைக்குள் இருக்கும் வெளிச்சத்தில் இருந்தே ஒளி வருகிற மாதிரி அமைத்திருக்கிறார், மற்றதெல்லாம் கறுப்பு. செல்போனில் வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஹூவர்வில்லுக்குள் லாரி நுழையும்போது கேமரா வண்டியின் கண்ணாகவே உள்ளே போகிறது, வழிவிட்டு ஒதுங்கும் ஒவ்வொரு முகமும் நம்மைப் பார்க்கிறது.

இது கம்யூனிஸ்ட் படமா?

அப்படித்தான் அப்போதும் திட்டினார்கள். நாவலை கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி 1939 ஆகஸ்டில் தன் நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்தது. மேலே சொன்ன ஆர்வின் முகாம் இருப்பதும் அதே கெர்ன் கவுண்டியில்தான். பெருந்தோட்டக்காரர்களின் சங்கம் கொதித்தது. தொல்லை வராமல் இருக்க ‘ஹைவே 66’ என்ற போலிப் பெயரில் படப்பிடிப்பு நடந்தது.

படத்தையே பார்த்தால் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறது. டாம் ஒரு இடத்தில், இந்தச் சிவப்பு ஆட்கள் என்கிறார்களே, யார் அவர்கள், எங்கே திரும்பினாலும் யாராவது யாரையாவது அப்படிச் சொல்கிறார்களே என்று கேட்கிறான். நாவலில் இதற்குக் கிண்டலான ஒரு விடை உண்டு: மணிக்கு 25 சென்ட் கொடுக்கும்போது 30 கேட்பவன்தான் சிவப்பு. படத்தில் கேள்வி மட்டும் இருக்கிறது, விடையை வெட்டிவிட்டார்கள். இருந்தும் ஸ்டெய்ன்பெக்குக்குப் படம் பிடித்தது; வர்ணனைகள் போய்விட்டதால் புத்தகத்தைவிடப் படம் கடுமையாக இருக்கிறது என்று கடிதத்தில் எழுதினார். சானுக் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை, விற்பனையில் உச்சத்தில் இருந்த நாவலைக் காசாக்கத் தெரிந்த முதலாளி.

ஆஸ்கர் கிடைச்சுதா?

ஏழு பரிந்துரை, இரண்டு விருது: சிறந்த இயக்குநர் ஃபோர்ட், சிறந்த துணை நடிகை டார்வெல். சிறந்த படம் ஹிட்ச்காக்கின் ‘ரெபேக்கா’வுக்குப் போனது. சிறந்த நடிகர் விருதை ஃபோண்டாவின் நெருங்கிய நண்பர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வாங்கிக்கொண்டார். 1989இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு முதல் தவணையாகத் தேர்ந்தெடுத்த 25 படங்களில் இதுவும் ஒன்று.

இவங்க ஏன் ஒரு சங்கம் வெச்சுப் போராடலை? அதான் ரூஸ்வெல்ட் ஆட்சியில தொழிலாளர் சட்டம் எல்லாம் வந்துச்சே?

வந்தது, ஆனால் இவர்களுக்கு இல்லை. சங்கம் சேரும் உரிமையைக் காத்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும், குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விவசாயக் கூலிகள் விலக்கப்பட்டிருந்தார்கள். தென் மாநிலங்களின் அரசியல்வாதிகளும் பெருந்தோட்டக்காரர்களும் அவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதை விரும்பவில்லை. அதனால் பீச் தோட்டத்தில் கேசி செய்ய முயன்றது எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத காரியம். படம் இதைச் சொல்வதில்லை, தெரிந்துகொண்டு பார்த்தால் கேசியின் கூடாரக் காட்சியின் எடை கூடிவிடும்.

கலிஃபோர்னியா வயல்ல வெள்ளைக்காரங்க மட்டும்தான் வேலை பார்த்தாங்களா? ஒரு மெக்சிகன்கூட இல்லையே?

படத்தின் மேல் எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான். அந்த வயல்களில் சீனர்கள், ஜப்பானியர்கள், பிலிப்பினோக்கள், மெக்சிகோக்காரர்கள் என்று தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள், அதற்குள் வேலை நிறுத்தங்களும் நடத்தியிருக்கிறார்கள், அடியும் வாங்கியிருக்கிறார்கள். பெருமந்தம் வந்ததும் லட்சக்கணக்கான மெக்சிகோக்காரர்களை ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள், அதில் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் ஏராளம். காலியான அந்த இடத்துக்குத்தான் ஜோட் மாதிரிக் குடும்பங்கள் வந்தன.

ஸ்டெய்ன்பெக்குக்கு இது தெரியும். 1936இல் செய்தித்தாளுக்கு எழுதிய தொடர் கட்டுரைகளில் அவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆனால் நாவலும் படமும் வெள்ளைக் குடும்பத்தின் துயரமாகவே நிற்கின்றன, பார்வையாளர்கள் இரக்கப்பட வேண்டும் என்றால் தங்களைப் போன்ற முகம் வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்திருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் அந்த ஜனங்களோட கதி என்ன ஆச்சு?

படம் வந்த கொஞ்ச நாளில் உலகப் போர் அமெரிக்காவைத் தொட்டது. கலிஃபோர்னியாவின் விமான ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் ஆளுக்குப் பறந்தன, ஓக்கி என்று ஏசப்பட்டவர்கள் மாதச் சம்பளக்காரர்களாக ஆனார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கிறார்கள். ஏழையை மாநிலத்துக்குள் கூட்டிவருவது குற்றம் என்ற கலிஃபோர்னியாச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1941 நவம்பரில் ரத்து செய்தது. டெக்சஸிலிருந்து தன் மைத்துனனைக் காரில் கூட்டிவந்த ஒருவரின் வழக்கு அது.

வயல்களுக்கு மறுபடி ஆள் வேண்டியிருந்தது. 1942இல் அமெரிக்க அரசு மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டு, முந்தைய கேள்வியில் சொன்னபடி பத்து வருடத்துக்கு முன் ரயிலேற்றி அனுப்பிய அதே நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. பிராசரோ என்ற அந்தத் திட்டம் 1964வரை நடந்தது.